அன்பிருந்தும் பிரிவோர் அடையும் துயரம்

திருமணம் ஆயிரங்காலத்துப் பயிர் என்பர் நம் பெரியோர். அப்பயிரைப் பேணிக் காக்கும் வழிகளைப் பற்றி நாம் பலர் வாயிலாகவும் கேட்டிருக்கின்றோம். ஆயினும், இருவரும் அன்போடு நீர் வார்த்தும் பட்டுப்போகும் பயிர்களும் உண்டு. ஒருவரையொருவர் வெறுத்துப் பிரிபவர்களைப் பற்றி ஊரார் நிறையப் பேசுவர். பாசம் குன்றாதிருக்கும்போதே பிரிய நேர்ந்தவர்களின் உள்ளம் படும் பாட்டைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. அத்துயரம் எத்தகையது, ஏன் எழுகின்றது, அதனைக் கடந்து வர வழி யாது என்பனவற்றை இங்கு விளக்க முற்படுகின்றோம்.

ஒரு காட்சி

தென் செபராங் பிறையின் தோட்டம் ஒன்றிலிருந்து கணவனும் மனைவியும் விடியற்காலையில் புறப்பட்டு, பட்டர்வொர்த் துறையில் பெர்ரி ஏறிப் பினாங்குத் தீவுக்கு வருகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். ஜார்ஜ் டவுனில் லைட் வீதியிலுள்ள உயர்நீதிமன்றத்திற்கு அவர்கள் செல்ல வேண்டும். அவர்களுக்கு மணமாகி 12 ஆண்டுகள் ஆகின்றன; இரு பிள்ளைகள். இருவரும் ஒரே பெரட்டில் நின்று, அடுத்தடுத்த நிரைகளில் பால் வெட்டியவர்கள். கணவர் கைநீட்டாதவர், பிள்ளைகளிடம் உயிரையே வைத்திருப்பவர். ஆனால் அவரைக் குடி பற்றிக்கொண்டது; குடியோடு கடனும் சேர்ந்தது. பலமுறை சத்தியம் செய்தார், பலமுறை தவறினார். பிரிந்தும் சேர்ந்தும் நான்காண்டுகள் கழிந்தன. இனிப் பிள்ளைகளின் படிப்பும் சோறும் கெடாதிருக்க வேண்டுமானால் தனித்தனியே வாழ்வதே வழி என்று இருவரும் கண்ணீரோடு முடிவு செய்தனர்.

நீதிபதியின் முன் அவர்களது கூட்டு மனு சில நிமிடங்களில் முடிந்துவிடுகின்றது. வெளியே வந்ததும் வானத்தைப் பார்த்த அம்மாது, பழக்கத்தால், “மழை வரும்போல இருக்குங்க. நனையாமப் போங்க. சளி பிடிச்சா உங்களுக்கு லேசுல விடாது” என்கிறார். கணவரால் பதில் சொல்ல இயலவில்லை. வரும்போது ஒரே பெர்ரியில் வந்தவர்கள், திரும்பும்போது வெவ்வேறு பெர்ரியில் திரும்புகின்றனர்.

இது குறிப்பிட்ட ஒரு குடும்பத்தின் வரலாறு அன்று. பல குடும்பங்களில் நிகழ்வதை ஒன்றாக்கிக் காட்டினோம். குடிக்குப் பதிலாகப் பிள்ளையில்லாக் குறையும் உறவினரின் வற்புறுத்தலும் இருக்கலாம். ஒருவர் நெடுந்தொலைவில் வேலைக்குச் சென்று ஆண்டுக்கணக்கில் பிரிந்திருந்ததும் காரணமாகலாம். காரணம் எதுவாயினும், மழைக்கு அஞ்சிய அந்த மனைவியின் சொல்லில் உள்ள அன்பு சட்டத் தாளில் இடும் கையெழுத்தோடு முடிந்துவிடுவதில்லை.

பாசம் ஏன் அறுவதில்லை?

அமெரிக்கச் சமூகவியலறிஞர் ராபர்ட் வைஸ் என்பவர் பாஸ்டன் நகரில் பிரிந்த கணவன் மனைவியரிடையே ஆராய்ந்து, 1975ஆம் ஆண்டில் மணப்பிரிவைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். நம்பிக்கை, மதிப்பு, ஆசை ஆகியவை தேய்ந்த பின்னரும் ‘பற்று’ என்பது தேயாமல் நிற்கின்றது என்று அவர் கண்டார். தாயைக் காணாத குழந்தை எவ்வாறு ஏங்கித் தேடுகின்றதோ, அவ்வாறே பிரிந்தவரின் மனமும் பழகிய துணையைத் தேடுகின்றது. பிரிய வேண்டுமென்று தாமே முடிவெடுத்தவரையும் இத்தேடல் விட்டுவைப்பதில்லை. அதிகாலையில் எழுந்ததும் இரண்டு கோப்பைத் தேநீர் கலக்கும் கையும், மாலையில் வாசற்படியில் காலடியோசை கேட்கிறதா என்று கூர்ந்திருக்கும் காதும் அறிவுக்குக் கட்டுப்படுவன அல்ல. அவை பல்லாண்டுப் பழக்கத்தால் வேரூன்றியவை.

இவ்வலி வெறும் எண்ணம் என்றும் சொல்வதற்கில்லை. தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ராகே என்னும் இரு மருத்துவர்கள், மனிதரை உலுக்கும் வாழ்க்கை மாற்றங்களுக்கு 1967ஆம் ஆண்டில் மதிப்பெண் அளித்து ஓர் அட்டவணை வகுத்தனர். அதில் துணைவரின் மரணம் 100 எண்ணுடன் முதலிடம் பெற்றது. மணவிலக்கு 73 எண்ணுடன் இரண்டாம் இடத்திலும், பிரிந்து வாழ்தல் 65 எண்ணுடன் மூன்றாம் இடத்திலும் இருந்தன. சிறைத் தண்டனைகூட அவற்றுக்குப் பின்னரே வந்தது.

2011ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆராய்ச்சியில், அண்மையில் காதல் முறிந்த 40 பேரிடம் பிரிந்துபோனவரின் நிழற்படத்தைக் காட்டி, அவர்களது மூளையின் இயக்கத்தைப் படம் பிடித்தனர். உடலில் சூடு பட்டு நோகும்போது இயங்கும் மூளைப் பகுதிகள் சில அப்போதும் இயங்கக் கண்டனர். “நெஞ்சு வலிக்கிறது” என்று நம் மக்கள் கூறுவது வெறும் பேச்சு வழக்கு அன்று என்பது இதனால் புலப்படும். கடுந்துயரால் இதயத் தசை திடீரெனத் தளர்ந்துபோகும் நிலை ஒன்றையும் 1990ஆம் ஆண்டில் ஜப்பானிய மருத்துவர்கள் விவரித்தனர். பெரும்பாலோர்க்கு அது சில வாரங்களில் தேறிவிடுகின்றது. ஆயினும் நெஞ்சு வலி வந்தால் கவலையால் வந்தது என்று வீட்டிலேயே இருந்துவிடாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

துக்கம் கேட்பார் இல்லாத இழப்பு

தோட்டத்தில் ஒருவர் இறந்துவிட்டால் லயமே ஒன்றுகூடுகின்றது. வேலைக்குப் போனவர் திரும்பி வருவர். அயல்வீட்டார் சோறாக்கிக் கொடுப்பர். பதினாறாம் நாள் வரை உறவினர் உடனிருப்பர். அழுவதற்கும் ஆறுவதற்கும் நம் முன்னோர் நாள் குறித்து வைத்தனர். மணம் முறிந்த வீட்டிற்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. இழப்பு உண்டு, துக்கம் கேட்க வருவார் இல்லை. இறந்தவர் திரும்பி வாரார் என்பது உறுதி. பிரிந்தவரோ கடைத்தெருவில் எதிரே வருவார், திருவிழாவில் தென்படுவார். ஆறத் தொடங்கிய புண் மீண்டும் மீண்டும் கிளறப்படும்.

தமிழரிடையே மணமுறிவு முன்னர் அறவே இருந்ததில்லை என்று சிலர் எண்ணுவர். அது சரியன்று. தென்னிந்தியக் குலங்களைப் பற்றி எட்கர் தர்ஸ்டன் 1909ஆம் ஆண்டில் வெளியிட்ட தொகுதிகளில், சில சமூகத்தார் ஊரார் முன்னிலையில் ஒரு துரும்பைக் கொடுத்து மணத்தைத் தீர்த்துக்கொண்ட வழக்கம் குறிக்கப்பட்டுள்ளது. ‘துரும்பு கொடுத்தல்’ என்பதே மணவிலக்கின் பெயராக வழங்கிற்று. அத்துரும்பு உறவை முடித்ததோடு, “இவர்கள் பிரிந்தனர், இனி இவர்களைப் பழிக்க வேண்டா” என்று ஊருக்கும் உணர்த்திற்று. இன்று நீதிமன்றத் தாள் உறவை முடிக்கின்றது. ஊரின் வாயை அஃது அடக்குவதில்லை.

பால் பொகன்னன் என்னும் மானிடவியலறிஞர் 1970ஆம் ஆண்டில், மணவிலக்கு என்பது ஒன்றன்று, ஆறு என்று விளக்கினார். உள்ளத்தின் பிரிவு, சட்டத்தின் பிரிவு, பொருளின் பிரிவு, பிள்ளை வளர்ப்பில் ஏற்படும் பிரிவு, சுற்றத்தாரிடமிருந்து பிரிவு, ‘நாம்’ என்று எண்ணிய ஒருவர் மீண்டும் ‘நான்’ என்று எண்ணப் பழகும் பிரிவு ஆகியவை அவை. சட்டத்தின் பிரிவு ஒரு நாளில் முடியலாம். மற்றைய ஐந்தும் தத்தமக்குரிய காலத்தை எடுத்துக்கொள்ளும்.

சட்டம் தரும் கால அவகாசம்

இஸ்லாமியர் அல்லாதாரின் திருமணத்தையும் மணவிலக்கையும் நம் நாட்டில் நெறிப்படுத்துவது 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டமாகும். 164 என்னும் எண்ணுடைய இச்சட்டம் 1982 மார்ச் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. இதனைக் கூர்ந்து நோக்கினால், அவசரத்தில் எவரும் பிரிந்துவிடாதபடி இடையிடையே தடுப்புகள் வைக்கப்பட்டிருப்பது தெரியும்.

மணமான முதல் ஈராண்டுகளுக்குள், மிகக் கடுமையான துன்பம் இருந்தாலன்றி, மணவிலக்குக் கோர இயலாது. இருவரும் மனமொத்தால் கூட்டு மனுச் செய்யலாம். மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தக்க ஏற்பாடு செய்யப்பட்டிருக்கிறதா என்று நீதிமன்றம் பார்க்கும். ஒருவர் மட்டும் கோரினால், சட்டம் விலக்களிக்கும் சில நிலைமைகள் தவிர, முதலில் தேசியப் பதிவிலாகாவின் வழியாகத் திருமணச் சமரசக் குழுவின் முன் செல்ல வேண்டும். அக்குழு 6 மாத காலத்திற்குள் இணக்கம் காண முயலும். வழக்கறிஞர் அங்குப் பேச இயலாது. கணவனும் மனைவியும் தாமே தம் மனத்தைத் திறந்து பேச வேண்டும் என்பதே நோக்கம்.

நீதிமன்றம் மணவிலக்கு அளித்தாலும் அது முதலில் இடைக்காலத் தீர்ப்பாகவே இருக்கும். நீதிமன்றம் வேறு விதமாகக் கட்டளையிட்டாலன்றி, 3 மாதங்கள் கழிந்த பின்னரே அது முடிவான தீர்ப்பாகும். இக்காலத்தை வெறும் தாமதம் என்று பலர் சலித்துக்கொள்கின்றனர். மனம் தன்னைத் தயார் செய்துகொள்ளக் கிடைத்த அவகாசம் என்று அதனைக் கொள்வதே நன்று. பிள்ளைகளின் செலவு, சந்திக்கும் நாட்கள், வீட்டுப் பொருள்கள் ஆகியவற்றை அமைதியாகப் பேசி முடிக்கவும் இதுவே தக்க தருணம். வழக்கறிஞர் கட்டணம் செலுத்த இயலாதோர் சட்ட உதவி இலாகாவின் பினாங்குக் கிளையை நாடித் தமக்குத் தகுதி உண்டா என்று கேட்டறியலாம்.

இரண்டு தவறான முடிவுகள்

பிரிந்த பின்னர் வலி பொறுக்க இயலாதவர்கள் பெரும்பாலும் இரண்டு தவறான முடிவுகளுக்கு வருகின்றனர். “இவ்வளவு வலிக்கின்றதே, ஆகவே நான் செய்தது தவறு” என்பது முதலாவது. வலி, உறவு உண்மையாக இருந்தது என்பதற்குச் சான்று. முடிவு தவறு என்பதற்குச் சான்றாகாது. பிரியக் காரணமான குறை நீங்கிற்றா என்பதையே எண்ணிப் பார்க்க வேண்டும். குடியை விட்டு ஓராண்டு நிலைத்து நிற்பவர் மீண்டும் இணைவதை எவரும் தடுக்கப் போவதில்லை. முறைப்படி மறுபடியும் திருமணப் பதிவு செய்துகொள்ளலாம். ஏக்கம் தாங்காமல் ஓர் இரவில் திரும்பிச் சென்று, மறு மாதம் மீண்டும் பிரிவதோ பிள்ளைகளுக்கு இருமடங்கு துன்பமாகும்.

“பிரிந்தாயிற்று, ஆகவே அவரை நான் வெறுக்க வேண்டும்” என்பது இரண்டாவது. சுற்றத்தாரும் இதனையே தூண்டுவர். அன்பை வெறுப்பாக மாற்றினால் துயரம் குறையும் என்பது மயக்கம். நல்ல நாட்களும் இருந்தன என்று ஒப்புக்கொள்வதில் இழுக்கில்லை.

ஆயினும் ஒன்றைத் தெளிவாகக் கூற வேண்டும். அடியும் உதையும் உள்ள இடத்தில், பாசத்தைக் காரணங்காட்டிப் பொறுத்துக்கொள்ளுதல் ஆகாது. 1994ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் இந்நாள் துணைவர்க்கு மட்டுமன்றி, மணவிலக்குப் பெற்ற முன்னாள் துணைவர்க்கும் பாதுகாப்பு அளிக்கின்றது.

பிள்ளைகளின் நிலை

ஜூடித் வாலர்ஸ்டீன் என்னும் அறிஞர் 1971ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் பிரிந்த 60 குடும்பங்களைச் சேர்ந்த 131 பிள்ளைகளைத் தொடர்ந்து ஆராயத் தொடங்கினார். தம்மால்தான் பெற்றோர் பிரிந்தனர் என்று சிறு பிள்ளைகள் பலர் எண்ணியதையும், என்றேனும் ஒருநாள் அவர்கள் சேர்ந்துவிடுவர் என்று காத்திருந்ததையும் அவர் கண்டறிந்தார்.

ஆகவே, “உன்னால் அன்று, அப்பாவும் அம்மாவும் உன்னை எப்போதும் போல நேசிக்கிறோம்” என்பதை இருவரும் சேர்ந்தே பிள்ளையிடம் சொல்ல வேண்டும். ஒருமுறை சொன்னால் போதாது. பிள்ளையைத் தூது அனுப்புவதும், “அப்பா வீட்டுக்கு யார் யார் வந்தார்கள்?” என்று துருவிக் கேட்பதும் கூடாதவை. 7 வயதுக்குட்பட்ட பிள்ளை தாயிடம் இருப்பதே நன்று என்பது சட்டத்தின் பொதுவான கருத்து. சூழ்நிலையைப் பார்த்து நீதிமன்றம் அதனை மாற்றவும் கூடும். பிள்ளை யாரிடம் இருப்பினும், மற்றவர் பெற்றோர் என்னும் நிலையை இழப்பதில்லை.

செய்யத் தக்கன

பிரிந்தவர் முதலில் தம் அன்றாட ஒழுங்கைக் காத்துக்கொள்ள வேண்டும். பெரட்டுக்குச் செல்லுதல், நேரத்தில் உண்ணுதல், உறங்குதல் ஆகியவை சிறியனவாகத் தோன்றினும், தடுமாறும் மனத்திற்கு அவையே ஊன்றுகோல். துயரத்தை மறக்கக் குடியை நாடுவோர், விடிந்ததும் துயரத்தோடு நாணத்தையும் சுமக்க நேரிடும். நம்பத்தகுந்த ஒருவரிடம் வாய்விட்டுப் பேசுதல் வேண்டும். ஆண்கள் அழுதல் இழிவு என்னும் எண்ணத்தால், கணவன்மாரே பெரும்பாலும் பேசாது உள்ளுக்குள் மருகுகின்றனர். கழுத்திலுள்ள தாலியை எப்போது கழற்றுவது, திருமணப் படத்தை என்ன செய்வது என்பனவற்றை அவரவர் மனம் இசையும்போது முடிவு செய்யட்டும். எவரும் நெருக்குதல் ஆகாது.

அயலார்க்கும் கடமை உண்டு. லயத்தில் ஒரு வீட்டின் பேச்சு அடுத்த வீட்டுக்குக் கேட்கும். யார் குற்றம் என்று தீர்ப்புக் கூற நம்மை எவரும் அழைக்கவில்லை. சாவு வீட்டிற்கு எவ்வாறு செல்வோமோ, அவ்வாறே ஒரு பாத்திரம் குழம்போடு சென்று சற்று நேரம் உடன் அமர்ந்து வந்தால் அதுவே பேருதவி. அந்த அம்மாளைத் திருமண வீடுகளிலும் கோயில் விசேடங்களிலும் ஒதுக்கிவைக்கும் வழக்கத்தை நாம் கைவிட வேண்டும். தனியே இருக்கும் ஆடவரையும் உணவுக்கு அழைத்தல் நன்று.

வாரக்கணக்கில் உறக்கமின்மை, உணவில் வெறுப்பு, வேலையில் நாட்டமின்மை, “இருந்து என்ன பயன்?” என்னும் பேச்சு ஆகியவற்றைக் கண்டால் அலட்சியம் கூடாது. அத்தகையவரைத் தனியே விடாமல் உடனிருந்து மருத்துவமனைக்கோ சுகாதார நிலையத்திற்கோ அழைத்துச் செல்லுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ள முயல்வது குற்றம் என்றிருந்த சட்டப் பிரிவு 2023ஆம் ஆண்டில் நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே போலீசுக்கு அஞ்சி உதவி தேடாதிருக்க வேண்டியதில்லை. சுகாதார அமைச்சின் ஹீல் சேவையை 15555 என்னும் எண்ணிலும், குடும்பத் துன்பங்களுக்குத் தாலியான் காசே சேவையை 15999 என்னும் எண்ணிலும் அழைக்கலாம். மனச்சுமையைச் செவிமடுக்கப் பினாங்கில் பெஃப்ரெண்டர்ஸ் தொண்டர்கள் உள்ளனர். 1985ஆம் ஆண்டில் பினாங்கில் தொடங்கப்பெற்ற மாற்றத்திற்கான மகளிர் மையம் பெண்களுக்கு ஆலோசனை வழங்கி வருகின்றது.

நிறைவாக

பால் வெட்டும் தொழிலை அறிந்த நம் வாசகர்க்கு ஓர் உண்மை நன்கு தெரியும். கத்தி பட்டையோடு நின்றால், நாளடைவில் புதுப்பட்டை வளர்ந்து மூடிவிடும். கத்தி ஆழ்ந்து மரத்தையே தொட்டுவிட்டால், அவ்விடம் முண்டும் முடிச்சுமாகவே வளரும். பிரிவும் ஒரு வெட்டுத்தான். வலியின்றி அது நிகழாது. பழிச்சொல், பழிவாங்கல், பிள்ளைகளைப் பகடையாக்குதல் ஆகியவையே அவ்வெட்டை ஆழமாக்குபவை.

வெட்டிய பட்டை ஒரு மழையில் வளர்ந்துவிடுவதில்லை, ஆண்டுகள் ஆகும். அன்பிருந்தும் பிரிந்தவர்க்கு அந்த ஆண்டுகளைத் தருவதும், அவ்வளவு காலமும் அவர்களோடு உடனிருப்பதும் நம் அனைவரின் கடமையாகும்.